நாணயச் செல்வர் மாத்யூ போல்டன்

ஆண்டு விழா மலர்தோறும் பெரியார் ஒருவருடைய வரலாற்றை எழுதி வருகிறோம். புலவர்களும் தொண்டர்களும் நாட்டுக்குழைத்தோருமே இதுவரை இடம் பெற்றனர். இவ்வாண்டு ஒரு வணிகரைத் தேர்ந்தெடுத்தோம்; அவரும் ஆங்கிலேயர். கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவரால் ஆவதென்ன என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஹூக்ளிக் கரையில் ஸ்டிராண்டு ரோடு வழியே செல்லும்போது, கிரேக்கக் கோயில் போன்ற பெருந்தூண்களோடு நிற்கும் பழைய வெள்ளி அக்கசாலையை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். அக்கட்டடத்துக்குள் 1829-ஆம் ஆண்டிலே நாணயம் அடிக்கத் தொடங்கிய நீராவி யந்திரங்கள் இவர் நிறுவிய கம்பெனியிலிருந்து வந்தவை. இது ஒரு தொடர்பு. சென்னைக் கடைத்தெருவோடு இவருக்கு இருந்த தொடர்பு இதனினும் நெருங்கியது. அதனைப் பின்னே கூறுவோம்.

மாத்யூ போல்டன் 1728-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். தந்தையார் பெயரும் மாத்யூ போல்டனே. அவர் சிறு உலோகப் பொருள்கள் செய்து விற்றவர். காலணி வாரை மாட்டும் பூட்டு, பொத்தான், பொடி டப்பி முதலியன அவ்வூரார் கைத்தொழில். மகன் 14 வயதில் பள்ளியை விட்டுத் தொழிலில் இறங்கினார். 17 வயதாகும்போதே காலணிப் பூட்டுகளில் வண்ணப் பூச்சைப் பதிக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அப்பூட்டுகள் கப்பலேறிப் பிரான்சுக்குச் சென்று, பாரிசு நாகரிகம் என்ற பெயரைச் சூடிக்கொண்டு இங்கிலாந்துக்கே திரும்பி வந்து அதிக விலைக்கு விற்றன என்பர். உள்ளூர்ச் சரக்குக்கு மதிப்பில்லாமை எந்நாட்டுக்கும் பொது போலும்.

1749-ல் லிச்பீல்டு நகரத்துச் செல்வர் மகளாகிய மேரி ராபின்சனை மணந்தார். பிறந்த பெண் குழந்தைகள் மூவரும் மழலைப் பருவத்திலேயே இறந்தனர். 1759-ல் தந்தையாரும் மனைவியும் காலமாயினர். அடுத்த ஆண்டிலே மனைவியின் தங்கை ஆனை மணந்தார். நம் நாட்டில் அக்காள் இறந்தபின் தங்கையைக் கொடுப்பது வியப்பன்று. அங்கோ திருச்சபைச் சட்டம் அதனைத் தடுத்தது. பெண்ணின் தமையனாரும் எதிர்த்தார். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் லண்டனுக்கு அழைத்துச் சென்று மணம் முடித்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். மனைவியர் இருவர் வழியாகவும் பெருஞ்செல்வம் வந்தது. அச்செல்வமே அவருடைய தொழிற்சாலைக்கு அடிக்கல்லாயிற்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

நகருக்கு வெளியே ஹாண்ட்ஸ்வொர்த் என்னும் மேட்டு நிலத்தை 1761-ல் குத்தகைக்கு எடுத்து, சோஹோ என்ற பெயரால் ஒரு பெருந்தொழிற்சாலையை எழுப்பினார். ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் பிரபுக்களும் தூதர்களும் அதனைக் காண வந்தனர். ஆனால் வந்தவர்கள் வியந்த அளவுக்கு வருமானம் வரவில்லை. தங்க முலாம் பூசிய அழகிய ஜாடிகளும் கடிகாரங்களும் புகழைத் தந்தன. கணக்கேட்டில் நட்டத்தையும் தந்தன. மனைவி வழிச் சொத்துகளை அடகு வைத்தும் விற்றும் பல ஆண்டுகள் காலந்தள்ளினார். வேலையாட்கள் நோயுற்றால் அவர்களுக்கு உதவ ஒரு நிதியையும் ஏற்படுத்தினார். ஒவ்வொருவரும் கூலியில் 60-ல் ஒரு பங்கைச் செலுத்தினர். நோயில் விழுந்தவர் அந்நிதியிலிருந்து கூலியின் பெரும்பகுதியைப் பெற்றனர். நம் காலனியிலே பரஸ்பர சகாய நிதி நடத்திப் பழகியவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

வெள்ளிப் பாத்திரத் தொழிலில் அவர் இறங்கியபோது ஒரு தொல்லை ஏற்பட்டது. இங்கிலாந்தில் வெள்ளிச் சாமான்களை மாற்றுப் பார்த்து முத்திரை குத்திய பின்னரே விற்கலாம். பர்மிங்ஹாமில் முத்திரைச் சாலை இல்லை. 70 மைலுக்கும் அப்பாலிருந்த செஸ்டர் நகரத்துக்கு ஒவ்வொரு பாத்திரத்தையும் வண்டியில் அனுப்பி, முத்திரை பெற்று, மீண்டும் வரவழைக்க வேண்டும். வழியில் நசுங்குவன பல. தாமதத்தால் கெடும் வியாபாரம் வேறு. போல்டன் லண்டனுக்குச் சென்று பாராளுமன்றத்து உறுப்பினர்களிடம் முறையிட்டார். லண்டன் பொற்கொல்லர்கள் கடுமையாக எதிர்த்தனர். பர்மிங்ஹாம் என்றாலே போலிச் சரக்கு என்று பழித்தனர். எதிர்ப்பை வென்று 1773-ஆம் ஆண்டில் பர்மிங்ஹாமுக்கும் ஷெப்பீல்டுக்கும் முத்திரைச் சாலைகள் பெற்றார். பர்மிங்ஹாமுக்கு நங்கூரமும் ஷெப்பீல்டுக்குக் கிரீடமும் சின்னங்களாயின. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் ஏன் வந்தது எனின், இரு நகரத்தாரும் கூடிப் பேசிய லண்டன் விடுதியின் பெயர் கிரீடமும் நங்கூரமும் என்பதாம். ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொண்டனர் என்று ஒரு கதை வழங்குகிறது.

அன்பர்கள் இந்த முத்திரையை மனத்திற் கொள்ளுக. இவர் வாழ்வு முழுவதும் முத்திரையின் வரலாறே. ஒரு சிறு குறியை நம்பி ஒருவன் வெள்ளியை வாங்குகிறான். அக்குறியைப் பொய்யாகக் குத்தவும் ஒருவன் இருக்கிறான். இவ்விருவருக்கும் இடையே நின்றவர் போல்டன்.

ஜேம்ஸ் வாட் என்பாரோடு அவர் சேர்ந்த கதை பாடப் புத்தகங்களிலே உள்ளது. ஆதலின் சுருங்கக் கூறுவோம். நீராவி யந்திரத்தைத் திருத்திய வாட் 1769-ல் உரிமை பெற்றும் கையில் பணமின்றித் தவித்தார். அவருக்குக் கூட்டாளியாயிருந்த ரோபக் என்பவர் நொடித்துப் போகவே, அவர் பங்கைப் போல்டன் வாங்கிக் கொண்டார். 1775-ல் உரிமைக் காலத்தைப் பாராளுமன்றம் 1800 வரை நீட்டியது. கார்ன்வால் சுரங்கங்களில் நீர் இறைக்கப் பொருத்திய யந்திரத்துக்கு அவர்கள் கேட்ட விலை புதுமையானது. பழைய யந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ அதில் மூன்றிலொரு பங்கின் விலையைத் தந்தால் போதும் என்றனர். சுரங்க முதலாளிகள் முதலில் மகிழ்ந்தனர். பிறகு கணக்குப் பார்த்து வழக்காடினர். வாட் எதற்கும் அஞ்சி வருந்தும் இயல்பினர். அவரைத் தட்டிக் கொடுத்து, நீரிறைக்கும் யந்திரத்தைச் சக்கரம் சுழற்றும் யந்திரமாக்கும்படி தூண்டியவர் போல்டனே. எராஸ்மஸ் டார்வின், வெட்ஜ்வுட், பிரீஸ்ட்லி முதலிய அறிஞர்களோடு இவ்விருவரும் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூடி அறிவியல் பேசுவர். இரவில் வீடு திரும்ப நிலவொளி வேண்டுமல்லவா! அதனாலேயே அது நிலாச் சங்கம் என்று பெயர் பெற்றது. இரண்டாம் மனைவி 1783-ல் வீட்டருகே இருந்த சோஹோக் குளத்தில் மூழ்கி இறந்தார். அதன்பின் அவர் மணம் செய்து கொள்ளவில்லை.

இனி நாணயத்துக்கு வருவோம். தமிழிலே நாணயம் என்றால் காசும் ஆகும்; நேர்மையும் ஆகும். அக்காலத்து இங்கிலாந்தில் இவ்விரண்டும் பிரிந்து கிடந்தன. அரசாங்க அக்கசாலை செப்புக் காசை ஆண்டுக் கணக்காக அடிக்காமலே விட்டது. அக்குறையைக் கள்ளக் காசு நிரப்பியது. கள்ளக் காசடிப்போர் மிக்கிருந்த ஊர் போல்டனின் சொந்த ஊராகிய பர்மிங்ஹாமே. பயணத்தின்போது சுங்கச் சாவடிகளில் தமக்கு மீதியாகக் கிடைக்கும் அரைப்பென்னிகளில் மூன்றில் இரண்டு பங்கு கள்ளக் காசாயிருப்பதை 1789-ல் அவர் அமைச்சர் ஒருவருக்கு எழுதினார். கள்ளக் காசால் யார் கெட்டனர்? செல்வர் கெடவில்லை. அவர்கள் பொன்னிலும் நோட்டிலும் கணக்கு வைத்தனர். வாரக் கூலியாகக் கள்ளக் காசைப் பெற்று, கடைக்காரர் அதனைத் தள்ள, பாதி விலைக்கு ரொட்டி வாங்கிய தொழிலாளியே கெட்டான்.

இதற்குத் தண்டனை மட்டும் மருந்தாகாது என்பது போல்டன் துணிபு. கள்ளனால் அடிக்க முடியாத காசை அடிப்பதே மருந்து. 1788-ல் சோஹோவில் சொந்த அக்கசாலை ஒன்றை நிறுவி, நாணய அழுத்துப் பொறிகளை நீராவியால் இயக்கினார். எட்டுப் பொறிகள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 70-க்கும் மேற்பட்ட காசுகளை அடித்தது. காசு வட்டமாக விரியாதபடி எஃகு வளையத்துக்குள் வைத்து அழுத்தியதால் எல்லாம் ஒரே அளவு, ஒரே கனம். கையால் அடிக்கும் கள்ளனுக்கு அந்த ஒழுங்கு வாராது. அரசாங்க ஒப்பந்தம் இதோ வருகிறது என்று நம்பியே இவ்வளவு பொருளையும் செலவிட்டார். அது வரவில்லை. ஏறக்குறைய பத்தாண்டுகள் காத்திருந்தார். அதற்கிடையே கிழக்கிந்தியக் கம்பெனிக்கும், பிரெஞ்சு வணிகர்களுக்கும், உள்நாட்டுக் கடைகளுக்கும் காசும் வில்லையும் அடித்துக் கொடுத்துப் பொறிகள் துருப்பிடியாமல் காத்தார். யந்திரம் வாங்கிவிட்டு ஆர்டருக்குக் காத்திருந்தவர் எவரும் அவருடைய அந்தப் பத்தாண்டை எளிதில் உணர்வர்.

கதவைத் திறந்தது யுத்தம். பிரான்சோடு 1793-ல் தொடங்கிய போர் இங்கிலாந்தின் பொன்னை விழுங்கியது. நேச நாட்டுக்கு உதவித் தொகை, படைச் செலவு, மக்கள் புதைத்து வைத்த பொன் என்று பல வழிகளிலும் தங்கம் மறைந்தது. வெள்ளி நாணயமோ முன்னரே அரிதாகி, இருந்தவை முகம் தேய்ந்து வழவழத்துக் கிடந்தன. 1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை ஒன்று வேல்சு நாட்டுக் கரையில் இறங்கியது. சிறு படைதான், இரண்டு நாளில் சரணடைந்தது. ஆயினும் செய்தி கேட்ட மக்கள் பாங்கிகளை நோக்கி ஓடினர். பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று அரசாங்கம் ஆணையிட்டது: இங்கிலாந்து பாங்கி நோட்டுக்குப் பொன் கொடுக்க வேண்டா. அந்தத் தடை 1821 வரை நீடித்தது.

ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகளை அச்சிட்டனர். ஆனால் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 1957-க்கு முன் நம் நாட்டில் அணாவும் பைசாவும் கணக்கிட்டது போன்றதே. கைக்கூலிக்கும் கடைச் சில்லறைக்கும் நோட்டு உதவாது. அப்பொழுது பாங்கியின் பெட்டகத்தில் ஸ்பானிய டாலர்கள் குவிந்திருப்பது நினைவுக்கு வந்தது. எட்டு ரியால் என்னும் அப்பெரிய வெள்ளி நாணயம் மெக்சிகோவிலும் பெரு நாட்டிலும் அடிக்கப்பட்டு, சீனம் வரை உலகெங்கும் செலாவணியானது. எடை சுமார் 27 கிராம். அதன் முகத்தில் ஸ்பெயின் அரசர் சார்லசின் உருவம் இருக்கும். அந்த அரசரோ 1796 அக்டோபர் முதல் இங்கிலாந்தோடு போர் புரியும் பகைவர்! பகைவன் தலையுள்ள காசை எப்படி வழங்குவது? அதன் கழுத்தின் மேல் தம் அரசர் மூன்றாம் ஜார்ஜின் தலையைச் சிறு முத்திரையாகக் குத்தி வெளியிட்டனர்.

அந்த முத்திரை எது தெரியுமா? புதிதாகச் செய்யவும் நேரமில்லை. வெள்ளிப் பாத்திரங்களில் வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக 1784 முதல் குத்தி வந்த அரசர் தலை முத்திரையையே எடுத்துக் கொண்டனர். நீள்வட்டமான சிறு குறி. சுண்டு விரல் நகத்தினும் சிறியது. பாத்திரக் கடையில் கரண்டியின் காம்பிலே கிடந்த குறி நாட்டின் நாணயத்துக்கு அரசாணையாயிற்று.

முதலில் டாலர் ஒன்று 4 ஷில்லிங் 6 பென்ஸ் என அறிவித்தனர். அவ்விலைக்கு விட்டால் வெள்ளியின் மதிப்பு அதனினும் மிகுதியாயிருக்கும், உருக்குவோர் கொள்ளையடிப்பர் என்று உடனே கண்டு 4 ஷில்லிங் 9 பென்ஸ் ஆக்கினர். ஐந்து ஷில்லிங் பெறும் நாணயத்துக்குக் கிரவுன், அதாவது கிரீடம் என்று பெயர். அரசர் இருவர் தலை சேர்ந்தும் ஒரு கிரீடத்தின் விலை பெறவில்லையே என்று லண்டன் மக்கள் எள்ளி நகைத்தனர்.

நகைப்பு இருக்கட்டும், கள்ளர் கணக்குப் போட்டனர். அவர்கள் செம்பைக் கலக்க வேண்டியதில்லை, ஈயம் வார்க்க வேண்டியதில்லை. சந்தையில் வெள்ளி விலை சற்றுக் குறையும்போது முத்திரையில்லாத நல்ல டாலரை வாங்கி, சிறு உளி ஒன்றால் தட்டினால் போதும். ஒரு தட்டுக்குச் சில பென்ஸ் லாபம். பொற்கொல்லர் தெரு முழுவதும் அறிந்த முத்திரை அது. அதுபோல் ஒன்று வெட்டுவது அரிதன்று. வெள்ளி உண்மை, குறி பொய். உரைகல்லில் உரைத்தும் பயனில்லை. நல்ல குறி எது, கள்ளக் குறி எது என்று சராப்புகளே திகைத்தனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே பாங்கி அவற்றைத் திரும்ப அழைத்துக் கொண்டது.

அதே 1797-ல் போல்டன் காத்திருந்த ஒப்பந்தம் கிட்டியது. செப்பில் ஒரு பென்னியும் இரண்டு பென்ஸ் நாணயமும் அடிக்க அரசாங்கம் இணங்கியது. முதல் ஒப்பந்தம் 500 டன். பென்னி சரியாக ஓர் அவுன்ஸ். இரண்டு பென்ஸ் இரண்டு அவுன்ஸ். செம்பின் மதிப்பே காசின் மதிப்பாயிருந்தால் கள்ளனுக்கு லாபமில்லை என்பது அவர் கருத்து. அகன்ற விளிம்பு பெற்றிருந்ததால் வண்டிச் சக்கரம் என்று மக்கள் பெயரிட்டனர். இல்லத்தரசியர் அவற்றைச் சமையலறையில் எடைக்கல்லாகவும் பயன்படுத்தினர். இரண்டு பென்ஸ் காசு எட்டு வைத்தால் ஒரு ராத்தல். சட்டைப் பையில் நாலைந்து போட்டால் பை கிழியும் என்ற குறையும் உண்டு. செம்பு விலை ஏறியபோது உருக்குவோர் இதனையும் விடவில்லை. போல்டனும் அடுத்து வந்த சிறு காசுகளில் எடையைக் குறைக்க நேர்ந்தது.

சிறிது காலம் சமாதானம். 1803-ல் மீண்டும் போர். நெப்போலியனின் படை கடலுக்கு அப்பால் கூடியிருந்தது. மீண்டும் சில்லறை வறட்சி. ஸ்காட்லாந்தில் பஞ்சாலை முதலாளிகள் சிலர் ஸ்பானிய டாலரில் தம் ஆலைப் பெயரையே முத்திரை குத்திக் கூலி கொடுத்தனர். 1804 ஜனவரியில் பாங்கி மறுபடியும் டாலரை எடுத்தது. இம்முறை விலை 5 ஷில்லிங். முத்திரை சற்றுப் பெரியது, எண்கோண வடிவம். முன்னர் கற்ற பாடம் அவ்வளவே! சில வாரங்களில் எண்கோணக் கள்ள முத்திரைகளும் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன.

இப்பொழுது போல்டன் முன்வந்தார். அவர் வயது 75. சிறுநீரகக் கல்லால் பல ஆண்டுகளாக வருந்தி வந்தார். அவர் கூறிய வழி எளிது. முகத்தில் ஒரு குறியைக் குத்துவதற்கு மாறாக, முகத்தையே மாற்றிவிட வேண்டும். டாலரை உருக்க வேண்டா, தகடாக்க வேண்டா. அப்படியே நீராவிப் பொறியில் வைத்து இருபுறமும் ஒரே அழுத்தில் புது உருவம் பதித்தால், பழைய அரசர் மறைவார். கள்ளனுக்கு ஓர் உளி போதாது. ஓர் அக்கசாலையே வேண்டும். பாங்கி இசைந்தது. பெட்டி பெட்டியாக டாலர்கள் லண்டனிலிருந்து சோஹோவுக்கு வந்தன. கூக்லர் என்னும் அயல்நாட்டுச் சிற்பி வெட்டிய அச்சால், ஒருபுறம் ஜார்ஜ் மன்னர், மறுபுறம் பிரிட்டானியா தேவி, பாங்கியின் பெயர், ஐந்து ஷில்லிங் டாலர் என்ற எழுத்து, 1804 என்ற ஆண்டு ஆகியன பதிந்து வெளிவந்தன. மே மாதத்திலே மக்கள் கையில் அவை வழங்கத் தொடங்கின. முத்திரை டாலர்களைப் பாங்கி திரும்பப் பெற்றது. அயர்லாந்து பாங்கிக்கும் அவ்வாண்டே 6 ஷில்லிங் நாணயங்கள் அவ்வாறே அடிக்கப்பட்டன.

நாணயம் சேர்ப்போர்க்கு ஒரு சொல். இவற்றில் எல்லாவற்றிலும் 1804 என்றே இருக்கும். ஆனால் அதே அச்சால் 1811 வரை அடித்தனர். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் சிலவற்றில் ஜார்ஜ் மன்னரின் தலைமயிருக்கிடையே ஸ்பானிய எழுத்தொன்று, அல்லது பழைய ஆண்டின் ஓரெண் எட்டிப் பார்க்கும். 1811-ல் வெள்ளி விலை ஏறியதால் இதே நாணயத்தின் விலை 5 ஷில்லிங் 6 பென்ஸ் ஆயிற்று. போர் முடிந்து 1816-ல் புதிய வெள்ளி நாணயச் சட்டம் வந்த பின்னரே இவை ஓய்வு பெற்றன.

கள்ளரை ஒரேயடியாக ஒழித்துவிட்டார் என்று நாம் கூற மாட்டோம். எந்நாட்டிலும் எவரும் அதனைச் செய்ததில்லை. ஆனால் ஏழு ஆண்டுகளாகப் பாங்கியின் பெரியோர்கள் முத்திரையைப் பெரிதாக்குவது பற்றியே யோசித்தனர். குறியைக் காட்டிலும் அதனைப் பதிக்கும் வலிமையே காவல் என்று அறிந்தவர் பொத்தான் தொழிலில் வளர்ந்த இவர்தாம். நங்கூர முத்திரைக்காக ஒரு காலத்தில் லண்டன் தெருக்களில் அலைந்தவருக்கே முத்திரையின் எல்லையும் தெரிந்திருந்தது.

குறைகளும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் அவர்கள் கம்பெனி யந்திரங்களை விற்றது. அங்கே கரும்பு வெட்டியவர்கள் அடிமைகள். நிலாச் சங்கத்து நண்பர் வெட்ஜ்வுட் அடிமை வாணிகத்தை எதிர்த்துப் பதக்கம் செய்து வழங்கியவர் என்பதை எண்ணும்போது இது நெஞ்சை உறுத்துகிறது.

இனிச் சென்னைத் தொடர்பு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானிக்கு வேண்டிய செப்புக் காசுகளைச் சோஹோவில் அடிக்கச் செய்தது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று நம் முன்னோர் கணக்கிட்ட அதே காசு. 1803 எனப் பொறித்த இருபது காசு, பத்துக் காசு முதலியன போல்டனுடைய பொறியில் பிறந்து, கப்பலேறி, சென்னைத் துறையில் இறங்கி, கொத்தவால் சாவடிக்கும் திருச்சிக் கடைத்தெருவுக்கும் சென்றன. ஒருபுறம் கம்பெனியின் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்து. தமிழர் கையில் புழங்க அடித்த அக்காசில் தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. அக்குறையைச் சென்னை அக்கசாலை சில ஆண்டுகளில் தீர்த்தது. 1807-ஐ ஒட்டி அங்கே வெளியான வெள்ளி அரை வராகனில் ஒருபுறம் கோபுரம், மறுபுறம் திருமால். தமிழும் தெலுங்கும் உண்டு. அவற்றுட் பல எதன்மேல் அடிக்கப்பட்டவை? அதே ஸ்பானிய டாலரின்மேல்! கோபுரத்தின் அடியிலே ஸ்பெயின் நாட்டரசரின் சாயல் தெரியும் நாணயங்கள் இன்றும் உள்ளன. லண்டனுக்கு வந்த வறட்சிக்குச் சோஹோ கண்ட மருந்து சென்னைக்கும் உதவியது.

1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்னும் கம்பெனிக் கப்பல் சென்னைக்குப் புறப்பட்டது. சோஹோவில் 1808 என ஆண்டிட்டு அடித்த பத்துக் காசும் இருபது காசும் டன் கணக்கில் அதிலே இருந்தன. இங்கிலாந்துக் கரையைக் கடக்கு முன்பே, குட்வின் மணல் திட்டில் புயலில் மோதி மூழ்கியது. சென்னையில் கூலியாகவும் உப்பு விலையாகவும் மாறியிருக்க வேண்டிய காசுகள் 175 ஆண்டுகள் மணலுக்குள் கிடந்தன. 1984-ல் கப்பலின் இடம் கண்டறியப்பட்ட பின் லட்சக்கணக்கில் வெளியே வந்தன. மெழுகில் பதித்த பீப்பாய்களுக்குள் இருந்தவை அடித்த அன்றுபோல் பளபளத்தன.

அக்கப்பல் மூழ்கிய அவ்வாண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் போல்டன் தம் இல்லத்தில் காலமானார், வயது 80. சோஹோத் தொழிலாளர்கள் திரளாகச் சவ ஊர்வலத்தில் நடந்தனர். ஹாண்ட்ஸ்வொர்த் புனித மேரி கோயிலில் அடக்கம் செய்தனர். ஜேம்ஸ் வாட்டும் பத்தாண்டுகள் கழித்து அங்கேயே வந்து சேர்ந்தார். லண்டனில் அரசாங்கம் கட்டிய புதிய அக்கசாலை 1810-ல் போல்டனின் பொறிகளோடு இயங்கத் தொடங்கியது. அதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. மகன் காலத்திலே பம்பாய்க்கும் கொல்கத்தாவுக்கும் யந்திரங்கள் வந்தன. ஸ்டிராண்டு ரோடு அக்கசாலை 1952-ல் அலிப்பூருக்கு இடம் மாறும் வரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வேலை செய்தது. கள்ள முத்திரையால் அன்று கலங்கிய இங்கிலாந்து பாங்கி, 2011-ல் வெளியிட்ட 50 பவுண்டு நோட்டில் போல்டனையும் வாட்டையும் சேர்த்துப் படம் போட்டது. அந்த நோட்டு 2022 செப்டம்பரோடு செல்லாமற் போயிற்று.

எம் பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்புக் கறையோடு கிடந்த 1803 இருபது காசு ஒன்று நம்மிடம் உள்ளது. எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தும் பாட்டியார் அதனை எறியவில்லை. எடை நன்றாயிருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். ஆண்டு விழாவன்று மாலை சங்க நூலகத்து மேசையில் அதனை வைத்திருப்போம். குழந்தைகள் கையிலெடுத்துப் பார்க்கலாம். பார்த்தபின் மேசையிலேயே வைத்து விடுமாறு அன்போடு கேட்டுக் கொள்கிறோம்.